மிஸ்டு கால் நின்ற மூன்று மாதம்

செந்தில்,

‘அன்புள்ள’ என்று தொடங்க இன்றைக்குக் கை வரவில்லை. அதனால் வெறும் பெயர். நான் உயிரோடு இருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் இதை முதலில் எழுத வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவன் நீதான். ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. ஆஸ்திரேலியாவுக்குத் தபால் எத்தனை நாளில் போகும் என்று சரஸ்வதிபுரம் போஸ்ட் ஆபீசில் விசாரித்தபோது, கவுன்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும். இதை நீ படித்துவிட்டு உன் பெண்டாட்டிக்கும் படித்துக் காட்டு. உங்கள் ஊர்த் தமிழ்க்காரர்கள் குழு ஒன்று இருக்கிறதே, அதிலும் போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பெற்றவர்களை வரவழைத்து அவர்கள் போனைப் பிடுங்கிச் சிம்மைக் கழற்றுகிறவன் நீ ஒருத்தன் மட்டும் இல்லை.

போன வாரம் நீ அனுப்பியதை மறுபடி எடுத்துப் படித்தேன். நவம்பரில் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், மூன்று மாதத்துக்கு டிக்கெட் போடட்டுமா, போன் விஷயம் போன தடவை மாதிரியே நான் பார்த்துக்கொள்கிறேன், அஷ்டே என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான் என்று சொல்லக்கூட உனக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை, மைசூரில் பெற்று மைசூரில் வளர்த்தேன், வராமல் என்ன செய்யும். அந்த ‘போன தடவை மாதிரியே’தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. போன தடவை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. பிப்ரவரியில் திரும்பி வந்ததிலிருந்து எட்டு மாதமாக நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று பயந்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும், எனக்கே ஒரு தடவை வந்தது. உனக்கும் வந்தால் சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முதலில் நான் யார் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. உனக்கு நான், போனில் எதையோ தொட்டுவிட்டேன் என்று கூப்பிட்டுப் புலம்புகிற அம்மா. அதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் மைசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, குண்டலுபேட்டைக் காய்கறி வியாபாரிக்கு ஊட்டியும், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவளுக்கு டில்லியும் வாங்கிக் கொடுத்தவள். லைனுக்காக ஒருத்தர் காத்திருக்கும்போது நான் டீ குடிக்க எழுந்து போனது கிடையாது. மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் பாடு, மணி அடிக்க வைப்பது என் பாடு. அப்படிப்பட்டவளுக்கு நீ போன் சொல்லிக்கொடுத்தாய். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. நான் செய்த தப்பு, அந்த ஊசியை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டதுதான்.

என் அண்ணனை உனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கௌதள்ளியில் ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டில், பதினைந்து ஆட்டோடு தனியாக இருக்கிற காது கேட்காத மாமா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கருங்கல் குவாரியில் வெடி வைக்கிற வேலைக்குப் போனார், முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் திரி சீக்கிரம் பிடித்துக்கொண்டதில் இரண்டு காதும் போயிற்று. பேச்சு போகவில்லை. பேசுவார், கொஞ்சம் சத்தமாக. படிப்பு, கன்னடப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டைப் படிப்பார், அதற்கு மேல் எழுத்து ஆகாது. ஆகவே அவருக்கு எழுதியும் அனுப்ப முடியாது, பேசியும் அனுப்ப முடியாது. ‘மாமாவுக்கு வாய்ஸ் நோட் போடும்மா’ என்று நீ ஒரு தடவை சொன்னாய். யாருக்கு என்ன சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிற பழக்கம் உனக்கு எப்போதுமே கிடையாது.

உன் அப்பா இறந்த வருஷம் நான் அவருக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். பேசுவதற்கு இல்லை, நடுங்குவதற்கு. காலை ஆறரைக்கு ஆட்டை அவிழ்த்துவிடும் முன் அவர் என் நம்பரை அழுத்துவார். அந்தப் பக்கம் மணி அடிப்பது அவருக்குக் கேட்காது, அதனால் இருபது எண்ணிவிட்டு வைத்துவிடுவார். நான் உடனே ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுப்பேன், அவர் சட்டைப்பையில் போன் நடுங்கும். நான் எழுந்துவிட்டேன், நீ? நானும் எழுந்துவிட்டேன். பேச்சு முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஏதோ கஷ்டம் என்று அர்த்தம், உடனே பஸ் ஸ்டாப் டீக்கடை மாதப்பனை நான் கூப்பிட வேண்டும், அவன் ஓடிப்போய்ப் பார்ப்பான். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு வந்தது ஒரே ஒரு தடவை, ஆட்டுப்பட்டியில் சிறுத்தை இறங்கிய அன்றைக்கு. ஒன்று வராத நாளும் நான் பதில் கொடுக்காத நாளும் கிடையாது. கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதுகூட நர்ஸின் கையில் போனைக் கொடுத்து மிஸ்டு கால் கொடுக்க வைத்தேன்.

எட்டு வயதில் நீ ஒன்று செய்தாய், உனக்கு மறந்திருக்கும். மாமா நம் வீட்டில் ராகிக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தாய். அவர் திரும்பவில்லை. இன்னும் வேகமாக அடித்தாய். திரும்பாததைப் பார்த்து உனக்குச் சிரிப்பு. உன்னோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தார். அன்றைக்கு உன் முதுகில் ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்காமல் விட்ட அந்த அடிதான் இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

உன்னிடம் வருவதற்கு முந்தின வாரம் கௌதள்ளிக்குப் போய் அவரிடம் சொன்னேன். விமானத்தைக் கையால் பறக்கவிட்டுக் காட்டினேன், தொட்டிலை ஆட்டிக் காட்டினேன், மூன்று மாதம் என்று மூன்று விரலைக் காட்டினேன். பிறகு அவர் சட்டைப்பையைத் தொட்டு, இது மட்டும் நிற்காது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். கடல் தாண்டினாலும் மணி அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னால் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்குள் உன் பட்டியல் வந்து சேர்ந்தது. விமானத்தில் ஏறும்போது ஏரோப்ளேன் மோட், இறங்கிய பிறகும் அதை எடுக்கக்கூடாது, வை-ஃபையை மட்டும் திறக்க வேண்டும், வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும், டேட்டா ரோமிங்கைத் தொடவே கூடாது. வெளியே போனால் கடையின் வை-ஃபை, கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவும் தப்பான யோசனை இல்லை, படித்தவன் எழுதிய பட்டியல்தான். ஆனால் உன் மாமனார் வந்திருந்தபோது டேட்டாவை மூடாமல் சீரியல் பார்த்து ரோமிங் பில் ஏறியதை, குடும்பத்தில் சாவு விழுந்த மாதிரி நீ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பயத்தில், நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் போனை வாங்கி ஊசியால் குத்திச் சிம்மை எடுத்து, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாய். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனை அன்றுதான் நேரில் பார்த்தேன். அண்ணனுடைய மிஸ்டு கால் என்னாகும் என்று கேட்டேன். ‘யாரும்மா இப்ப போன்ல கூப்பிடறாங்க, எல்லாரும் வாட்ஸ்அப்லதான் இருக்காங்க’ என்றாய். உன்னுடைய அந்த எல்லாரிலும் என் அண்ணன் இல்லை. அங்கேயே நான் கத்தியிருக்க வேண்டும். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, மருமகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வந்த அன்றே மாமியார் சண்டை பிடித்தாள் என்று வரக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மரியாதைக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

உங்கள் ஊரில் மதியம் பன்னிரண்டு மணி என்றால் இங்கே காலை ஆறரை. தினமும் பன்னிரண்டு மணிக்கு நான் கரண்டி எடுக்கிற சாக்கில் அந்த இழுப்பறையைத் திறந்து டப்பாவைப் பார்ப்பேன். இப்போது அழுத்தியிருப்பார், இப்போது இருபது எண்ணி முடித்திருப்பார் என்று நானும் எண்ணுவேன். மருமகள் ஒரு தடவை என்ன அத்தை தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஜாரணிக் கரண்டி என்றேன்.

ஒன்பதாம் நாள் தாங்க முடியாமல் உன்னிடம் மறுபடி கேட்டேன். நீ லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, டீக்கடைக்காரருக்கு ஒரு போட்டோ அனுப்பினால் போதும், அவர் மாமாவிடம் காட்டிவிடுவார் என்றாய். பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து என்னை எடுத்தாய். வெயிலுக்கு நான் கண்ணை மூடிவிட்டேன். இன்னொன்று எடு என்றேன், இதுவே நன்றாக இருக்கிறது என்றாய். ஓரத்தில் ஏதாவது அலங்காரம் போடலாம் அத்தை என்று மருமகள் தன் போனில் வகைவகையாகக் காட்டினாள். இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், பழி முழுவதையும் உன் தலையில் கட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த அலங்காரத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். சுற்றிலும் சாமந்திப்பூ மாலை, கீழே இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. தீபாவளி முடிந்த சமயம், கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. கண் மூடிய முகம், அதற்கு மாலை, அதற்கு விளக்கு. மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நீ அனுப்பினாய். மாதப்பன் இரண்டு கும்பிடுகிற கை போட்டு, மாமா பார்த்துவிட்டார் என்று பதில் அனுப்பினான். ‘பாத்தியா, அஷ்டே’ என்றாய். நானும் நிம்மதியாகக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கப் போனேன்.

அந்தப் பக்கம் நடந்ததைப் பிற்பாடு மாதப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எட்டு நாளும் அண்ணன் ஆறரைக்கு என் நம்பரை அழுத்தி, இருபது எண்ணி வைத்துவிட்டு, சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண்குரல் கன்னடத்தில் சொல்லியிருக்கும். அது யாருக்குக் கேட்டது? நாலாம் நாள் போனை டீக்கடைக்குக் கொண்டுபோய் ரிப்பேரா பார் என்று கொடுத்திருக்கிறார். மாதப்பன் தன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தான், உடனே நடுங்கியது. கெட்டுப்போனது போன் இல்லை என்று அன்றைக்கே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் நம் போட்டோ போய்ச் சேர்ந்தது. இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மாதப்பனின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அவன் பாவம், அக்கா நன்றாக இருக்கிறார் என்று சிரித்துச் சிரித்துத் தலையை ஆட்டியிருக்கிறான். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாராம்.

மாதப்பன் அவ்வளவு சொல்லியும் ஏன் நம்பவில்லை என்று கேட்பாய். அதற்குக் காரணம் நான். நீ பிறப்பதற்கு முன்னால் எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் குவாரியில் இருந்தார், அப்போது அவருக்குக் காது கேட்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து குவாரி ஆபீசுக்கு நானே லைன் போட்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, வரச் சொல்லுங்கள் என்றேன். நம்மில் யார்தான் செத்ததைச் செத்தது என்று சொல்கிறோம். அவர் அதை நம்பி, கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்குக் கமலாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பழப்பையோடு அவர் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஏன் பொய் சொன்னாய் என்று என்னை அவர் கேட்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது ‘நல்லா இருக்காங்க’ என்றால், சொல்கிறவரின் முகத்தை அளவு எடுப்பதுபோலப் பார்ப்பார். அந்தப் பாடத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான், பரீட்சை வைத்தது நீ.

இதற்கு மேல் நடந்தது அண்ணனே பிற்பாடு என்னிடம் சொன்னது. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பியிருக்கிறார். மைசூரில் இறங்கி நம் வீடு வரைக்கும் வந்து, கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருக்கிறார். காவிரிக்கரையில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, எனக்குக் காரியம் செய்துவிட்டார். கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் மொட்டை போடுவது எந்த முறையிலும் இல்லை. அது மகன் செய்ய வேண்டியது. அந்த ஊரில் ஆற்றுக்கு எங்கே போவான், எள்ளுக்கு எங்கே போவான், அவன் செய்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டாராம். உன்னைப் பற்றி அவர் ஒன்றும் தப்பாக நினைத்துவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது. எல்லாம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து ஆற்றில் விட்டுவிட்டார். என் ஒருத்திக்காக இருந்த போன், நான் போன பிறகு அவருக்கு எதற்கு? ஊருக்குத் திரும்பினால் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்திலேயே மாதேஸ்வரன் மலை, கௌதள்ளியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். மாதப்பனும் அப்படித்தான் நினைத்தான். நான் உன் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன், இங்கே எனக்குக் கருமாதி முடிந்துவிட்டது.

பிப்ரவரியில் பெங்களூரில் இறங்கியதும் முதல் வேலையாகச் சிம்மைப் போட்டேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. நான் கொடுத்தேன், லைன் போகவில்லை. மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் மாதப்பனைக் கூப்பிட்டேன். ‘நல்லா இருக்காருக்கா, இப்பத்தான் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறாரு’ என்றான். நல்லா இருக்காரு. நானே சொல்லிப் பழகிய பொய்யை எனக்கே சொல்கிறான் என்று நினைத்தேன். வெள்ளையாக ஒரு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் கமலாப்பழம் விற்றுக்கொண்டு ஒருத்தி ஜன்னல் பக்கம் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் காட்டில் ஆடுகளுக்கு வேப்பங்குழை ஒடித்துக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். தலையில் முடி விரற்கடை வளர்ந்து வெள்ளை வெளேர் என்று இருந்தது. கூப்பிட்டால் கேட்காது, அதனால் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் காலைப் பார்த்தார். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். குழையைக் கீழே போட்டுவிட்டு மெல்லக் குனிந்தார், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், குனிந்து என் காலின்மேல் கையை வைத்தார். ‘காலு சூடாத்தான் இருக்குது’ என்று ஆட்டிடம் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். பிறகு அழுதார், நானும் அழுதேன். அதை விவரமாக எழுதி உனக்குக் காட்ட எனக்கு விருப்பம் இல்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் மாதப்பன் அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டினான். மாலையும் விளக்குமாக என்னையே பார்த்தபோதுதான் எனக்கு அந்த ஒரு சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. தாம்பாளம் அடித்த அன்றைக்குச் சிரித்தவர், இன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் புதுப் பட்டன் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். டப்பாவைத் திறக்கவே விடவில்லை.

“வேண்டா அம்மிணி. இது சும்மா இருந்துச்சுன்னா என்ற புத்தி கெட்டுப்போகுது. இன்னொருக்கா உனக்கு மொட்டை போட என்னால ஆகாது.”

நீயே நேரில் வா, காலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நான் கௌதள்ளிக்குப் போகிறேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போகிறேன். அவர் ஸ்டாப்பில் வந்து நிற்பார். படியில் இறங்குகிற என் காலைத்தான் முதலில் பார்ப்பார், அப்புறம்தான் முகம். காட்டில் இப்போது அவர் விழுந்தால் எனக்கு இரண்டு மிஸ்டு கால் வராது, மாதப்பன் ஓட மாட்டான். எழுபத்து மூன்று வயது மனுஷன், கேட்காத காதோடு, நடுங்காத சட்டைப்பையோடு அங்கே தனியாக இருக்கிறார். ஒரு திங்கட்கிழமை நான் போகாவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இதுதான் நீ மூன்று மாதத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டதற்குப் பதில்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட மாட்டேன். என் சிம் கம்பெனிக் கடையில் போய்க் கேட்டேன். அங்கே ஒரு சின்னப் பெண், உன் மாதிரிப் படபடவென்று பேசாமல் நிதானமாகச் சொன்னாள். செய்தியும் படமும் வை-ஃபையிலேயே போகும், அதற்குச் சிம் வேண்டியதில்லை. ஆனால் சிம் போனிலேயே இருக்கலாம், ரோமிங்கைத் திறந்து வைத்து டேட்டாவை மட்டும் மூடினால் போதும். கூப்பிடுகிறவர் கூப்பிடட்டும், மணி அடிக்கும், எடுத்தால்தான் காசு, எடுக்காவிட்டால் இல்லை. கேட்டாயா? அண்ணனுடைய மிஸ்டு காலுக்கு உங்கள் ஊரிலும் காசு இல்லை. காசில்லாமல் கடல் தாண்டிச் சேதி அனுப்புவது எப்படி என்று நீ எனக்குப் பட்டியல் எழுதினாய், எழுத்துத் தெரியாத மனுஷன் அதைப் பன்னிரண்டு வருஷமாக இருபது எண்ணிச் செய்துகொண்டிருந்தார். வெண்ணெயை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு நாம் நெய்க்கு அலைந்திருக்கிறோம். முப்பத்திரண்டு வருஷம் லைன் போட்ட எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று அந்தக் கடை வாசலில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். உனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் நீ ரோமிங்குக்குப் பயந்தாய், மாமாவை நினைக்கவில்லை.

ஆகவே நவம்பருக்கு நான் வர வேண்டுமானால் முதலில் நீ இங்கே வா. லீவு இல்லை, டிக்கெட் விலை என்று என்னிடம் ஆரம்பிக்காதே. ஒரு பட்டன் போன் உன் கையால் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை என்னோடு பஸ்ஸில் கௌதள்ளிக்கு வா. அவர் உன் காலைப் பார்ப்பார், பார்க்கட்டும். நம் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆன பிள்ளை, உன்னைப் பற்றி அவருக்கு என்ன சந்தேகம் இருக்கிறதோ. சிம்மை எடுத்தவன் நான்தான் மாமா என்று சைகையிலோ, காலில் விழுந்தோ, எப்படித் தெரியுமோ அப்படிச் சொல். சொல்லிவிட்டு அந்தப் போனை அவர் கையில் வை. அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாரானால், நீ சொல்கிற நாளில் நான் விமானம் ஏறுகிறேன், சிம்மோடு. தள்ளிவிட்டாரானால், பிறந்தநாளை நீங்களே கொண்டாடிக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் என்னை வாட்ஸ்அப்பில் தேடாதே. அந்தப் பெரிய போனை நேற்று அணைத்து, நம் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். என் சிம் இப்போது அண்ணன் வேண்டாம் என்ற பட்டன் போனில் இருக்கிறது. உங்கள் ஊர் மதியம் பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. இருபது எண்ணிவிட்டு வை. நான் எடுக்க மாட்டேன், பயப்படாதே, காசு ஆகாது. திருப்பி ஒன்று கொடுப்பேன். அது வரும்வரை சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நில், நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும். எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, ஏதோ ஒரு நாள் பதில் வராமல்தான் போகும். அன்றைக்கு எதிர்வீட்டில் கேட்டு போட்டோ அனுப்பச் சொல்லாதே. நன்றாக இருக்கிறாள் என்று யார் சொன்னாலும் நம்பாதே. மொட்டை போடவும் அவசரப்படாதே. கிளம்பி வந்து, சூடு இருக்கிறதா என்று என் காலைத் தொட்டுப் பார்.

அம்மா